நீ திருகிய அரைச் சுற்று

ஆரூரன்,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு வெட்டினேன். வெட்டியது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். இப்படியான நேரத்தில் தாய் மகனுக்கு எழுதினால் அதில் வாழ்த்தும் கண்ணீரும் இருக்க வேண்டும். என்னிடம் இப்போது இரண்டும் இல்லை. மூன்று கிழமையாக நான் உன்னோடு கதைக்கவில்லை. நீ அழைத்தபோதெல்லாம் போனை மேசையில் வைத்துவிட்டு, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் நீ ‘ஓம் அம்மா, ஓகே அம்மா’ என்று நான் தொடங்கும் முன்பே முடித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். மனுரேவாவில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கலியாண மண்டபம் பற்றிக் கதைக்க நீயும் நீ கட்டப்போகும் நிவேதாவும் வந்திருந்தீர்கள். மதுரையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு எங்கள் மீன்குழம்பின் உறைப்பு ஒத்துக்கொண்டதே என்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவள் சுவர் ஓரத்து இரும்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “ஆன்ட்டி, அந்த பிஸ்டல் இன்னும் இருக்கா? நான் பார்க்கலாமா? இவன்தான் ட்ரிகரை ட்யூன் பண்ணிக் கொடுத்தானாமே. அன்னைக்கு நீங்க லைஃப்லயே அடிக்காத ஸ்கோர் அடிச்சீங்களாமே!”

“எண்டைக்கு?” என்று கேட்டேன்.

“அதான் ஆன்ட்டி, டீம் செலக்‌ஷன் அன்னைக்கு.”

நீ அவள் மணிக்கட்டைப் பிடித்தாய். “அது பழைய கதை. பருப்பு கொஞ்சம் தாங்கோ அம்மா” என்றாய். உன் அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு எப்படி விளங்கும்? அவளுக்கு நீ கதையின் முதல் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாய். நீ கெட்டிக்காரனாக வரும் பாதியை. நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். நீ பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாய்.

“அரைச் சுற்றுத்தான் அம்மா. ஹாஃப் அ டர்ன்.”

“என்ர பிஸ்டலிலயோ?”

“விரல் நோகுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் ஹெல்ப் பண்ணத்தான் பாத்தனான்.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சர்ப்ரைஸா இருக்கட்டும் எண்டு.”

“பிறகு? அவங்கள் என்னைக் கள்ளி எண்டு அனுப்பின பிறகு?”

“நீங்கள் அழுதுகொண்டு இருந்தியள். பிறகு லேட் ஆயிட்டுது. ப்ளீஸ் அம்மா, இண்டைக்கு வேண்டாம். நிவேதா இருக்கிறா.”

ஏழு வருஷம் நீ மூடி வைத்திருந்ததற்கு ஏழு நிமிஷம்கூட என்னிடம் பதில் சொல்ல உன்னால் நிற்க முடியவில்லை. அன்று பின்னேரம் வாட்ஸப்பில் ‘சொரி அம்மா’ என்று வந்தது, கூப்பிய கைகளின் படத்தோடு. அதே படத்தை நீ கார் திருத்துகிறவனுக்கும் அனுப்புவாய். நான் பதில் போடவில்லை. உன் அப்பா வந்து என் பக்கத்தில் இருந்து, “இஞ்சேரும், விடும். கலியாண வீடு வருது. அப்ப அவன் சின்னப் பெடியன்தானே” என்றார். அவர் விடுவார். புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கும் பெல்டின் முன்னால் அவ்வளவு காலம் நின்ற மனுஷன். அழுகினதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பது அவருடைய பழக்கம். எனக்கு அது வராது. நீ அப்போது சின்னப் பெடியனும் இல்லை. உனக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய்.

நீ என்ன செய்தாய் என்பது உனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை என்று நினைக்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் அந்தக் காலத்தில் காது மெஷின் திருத்தும் பட்டறையில் வேலை செய்தேன். பட்டாணிக் கடலை அளவுப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆணிகளைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. எனக்குப் பக்கத்து மேசை ஹெலன். அவள்தான் ஒரு சனிக்கிழமை, “சும்மா வந்து பார்” என்று என்னைத் தன் பிஸ்டல் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தும் ஊரிலிருந்து வந்தவள் நான். துணிச்சலால் போகவில்லை, ஹெலனுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் போனேன். அங்கே இருந்தது காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைப் பத்து மீற்றர் தள்ளுகிற பிஸ்டல். கடதாசியில் ஓட்டை போடும், அவ்வளவுதான். ஆனாலும் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். மூன்றாம் கிழமை மூடவில்லை. கோயிலில் பெண்கள் “உமக்கேன் இந்த வேலை?” என்று கேட்டார்கள். எனக்கு அந்த மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் ஒருவரும் பேசாமல் நிற்பது பிடித்திருந்தது. வீட்டிலும் வேலையிலும் எனக்குக் கிடைக்காத அமைதி அது. நான் எனக்கென்று இந்த நாட்டில் வைத்திருந்த ஒரே பொருளும் அதுதான். மற்றதெல்லாம் உனக்கும் வீட்டுக்கும் என்று சேர்த்தவை.

விசையை, நீ ட்ரிகர் என்பதை, அமைப்பது என்றால் அதை இலகுவாக்குவது என்று நினைத்தாய். இன்ஜினியர்! அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. விசை ஐந்நூறு கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். பிஸ்டலை வானம் பார்க்கப் பிடித்து, விசையில் ஐந்நூறு கிராம் எடைக்கல்லைக் கொளுவி, மேசையிலிருந்து மெதுவாகத் தூக்கினால் கல் கூடவே எழும்ப வேண்டும். எழும்ப முன் விசை விழுந்தால் அந்தப் பிஸ்டலோடு போட்டியில் நிற்க முடியாது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் என்று உன் விரலுக்கு ஏற்றபடி பிரித்து வைப்பதுதான் வேலை. விரல் முதலில் கொஞ்சத் தூரம் சுகமாகப் போக வேண்டும். பிறகு ஓரிடத்தில் தட்டுப்பட்டு நிற்க வேண்டும். அங்கே நின்று, குறி சரியா என்று பார்த்து, இன்னும் ஒரு துளி அழுத்தினால் கச்சான் கடலைக் கோது உடைகிற மாதிரிச் சட்டென்று விட வேண்டும். விட்ட பிறகு விரல் பின்னால் ஓடக்கூடாது. ஓடினால் கை அசையும். இத்தனைக்கும் நான்கே நான்கு சின்னத் திருகாணிகள். ஒன்றைத் தொட்டால் மற்றதன் குணம் மாறும். மூன்று மாதம் நான் அதோடு மல்லுக்கட்டினேன். எட்டில் ஒரு சுற்று உள்ளே, பத்து முறை இழுத்துப் பார்; எட்டில் ஒரு சுற்று வெளியே, பத்து முறை இழுத்துப் பார். கடைசியில் ஐந்நூற்றிருபது கிராமில் நிறுத்தினேன். ஹெலன், “இன்னும் குறைக்கலாமே, ஐந்நூற்றைந்து போதும்” என்றாள். “அந்த மிச்சம் நான் நிம்மதியாக நித்திரை கொள்ள” என்றேன். சிரித்தாள்.

அதைத்தான் நீ ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்த நேரம், ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அரைச் சுற்றுத் திருகினாய். அலமாரிச் சாவியை நான் தையல் பெட்டியில் வைத்திருந்தேன். அது உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அது என் பிழை. பூட்டுப் போட்டவள் சாவியையும் கவனமாக வைத்திருக்க வேண்டும். அதை நான் வேறு யார் தலையிலும் போடவில்லை. ஆனால் விரல் நோகுது என்று நான் உனக்குச் சொன்னது தைலம் எடுத்துத் தரச் சொல்லி. வேறொன்றுக்கும் அல்ல.

வியாழக்கிழமை நான் எடைக்கல்லை வைத்து மூன்று முறை தூக்கிப் பார்த்திருந்தேன். மூன்று முறையும் எழும்பியது. அதனால் சனிக்கிழமை கிளப்புக்குப் போனபோது, வாசல் மேசையில் சோதனைக் கல் இருந்தும் நான் தொட்டுப் பார்க்கவில்லை. பத்துப் பெண்கள், மாவட்ட அணியில் இரண்டு இடம். அறுபது குண்டு முடிந்தபோது என் புள்ளி ஐந்நூற்று அறுபத்து மூன்று. அதற்கு முன் நான் எட்டிப் பார்க்காத புள்ளி. இரண்டாவதாக வந்திருந்தேன். ஐம்பத்தொரு வயதில், அரைகுறை இங்கிலீஷோடு, ஒரு அணிக்குள். உன் அப்பாவுக்குப் போன் பண்ண வெளியே போகப் பார்த்தேன். அதற்குள் சீட்டுக் குலுக்கிச் சிலருடைய பிஸ்டலைச் சோதிக்க எடுத்தார்கள். என் எண் வந்தது. சோதித்தவள் ஹெலன்.

அவள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். கல்லைக் கொளுவித் தூக்கினாள். விசை விழுந்தது. அவள் கை அசைந்துவிட்டது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் முறை விழுந்தது. மூன்றாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். அதுவும் விழுந்தது. அதற்கு மேல் சோதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஹெலன் என்னைப் பார்த்து, “உனக்கா தெரியாது?” என்று கேட்டாள். அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. வேறு எவளாவது என்றால் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டிருப்பார்கள். ஆணியோடு பிழைக்கிறவள், எட்டில் ஒரு சுற்றை விரலால் உணர்கிறவள், தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? என் கைத்திறமையே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அன்று பின்னேரம் நீ செய்ததை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. நான் கட்டிலில் இருந்து அழுதேன். நீ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாய். என் முதுகைத் தடவினாய். பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தாய். மோட்டார்வேயில் கார் அதிரும்போது திருகாணி கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கழலும் என்று அம்புக்குறி எல்லாம் போட்டு விளங்கப்படுத்தினாய். “இது நோர்மல் அம்மா. வைப்ரேஷன். கமிட்டிக்கு இதைக் காட்டுங்கோ” என்றாய். நீ படிக்கிற பிள்ளை. அந்த நேரம் என்னிடம் வேறு காரணமும் இருக்கவில்லை. அடுத்த கிழமை கமிட்டி கூப்பிட்டபோது அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் கொண்டுபோய், நீ சொல்லித்தந்த இங்கிலீஷ் சொற்களோடு அவர்கள் முன்னால் விரித்தேன். கமிட்டியில் ஹெலனும் இருந்தாள், அதைத் தன் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்த ஆணிகள் தானாகத் திரும்பாது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பிழை செய்தாய் என்றால் சொல்லு. என்னை முட்டாளாக்காதே” என்றாள். அணியில் என் இடம் இன்னொருத்திக்குப் போனது. ஒரு பருவம் கழித்துத் திரும்பி வரலாம் என்று கடிதம் அனுப்பினார்கள். நான் போகவில்லை. போட்டியில் தோற்றிருந்தால் போயிருப்பேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் நானும் ஹெலனும் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். இடைவெளி இரண்டடி. ‘அந்தக் குறடு’, ‘இந்தக் கண்ணாடி’ என்பதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. மத்தியானம் நான் காருக்குள் இருந்து சாப்பிட்டேன். உனக்கு அது தெரியும். “ஏன் அம்மா சாப்பாடு மிஞ்சி வருது?” என்று நீயே கேட்டிருக்கிறாய். கடைசியில் அந்த வேலையை விட்டு, த்ரீ கிங்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் சட்டங்களுக்கு ஆணி இறுக்கப் போனேன். நீ பட்டம் பெற்றாய், வேலைக்குப் போனாய், கார் வாங்கினாய், நிவேதாவைக் கண்டுபிடித்தாய். இந்த ஏழு வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை! ஒன்றில்கூட உனக்கு வாய் திறக்க வரவில்லை. திறந்தபோது அதைப் பெருமையாகத் திறந்தாய், காதலிக்கும் பெண்ணிடம்.

நீ இதை எங்கே பழகினாய் என்று மூன்று கிழமையாக யோசித்தேன். கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு ஒன்பது வயது. நான் காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் இடித்துவிட்டேன். சமோவாக்காரர், அந்தப் பெட்டியை மரத்தில் தன் கையாலேயே செய்து, சின்ன வீடு மாதிரிக் கூரையெல்லாம் போட்டிருந்தார். தெருவில் ஒருவரும் இல்லை. நீ பின் சீட்டில் இருந்தாய். “ஒருத்தருக்கும் சொல்லாத, விளங்குதோ?” என்றேன். பின்னேரம் அவர் வேலியோரம் வந்து, கூரியர் வான்காரன் ஒருவன் இடித்துவிட்டான் போல என்று சொல்லிக் கவலைப்பட்டார். நான் ஐயோ பாவம் என்றேன். நீ என் பக்கத்தில் நின்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சொல் சொல்லவில்லை. அவர் போன பிறகு நான் உன்னைத் தெருமுனை டெய்ரிக் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, “என்ர கெட்டிக்காரப் பிள்ளை” என்று சொன்னேன். நான் உனக்குப் பொய் சொல்லப் பழக்கவில்லை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதைவிட வசதியான ஒன்றைப் பழக்கியிருக்கிறேன்.

இதைச் சொன்னதால் உன் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதே. ஒன்பது வயதில் உன் வாயை மூடியது நான். இருபது வயதில் மூடியது நீ.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை, போட்டி தொடங்க முன் பழக்கத்துக்காகச் சுடுகிற குண்டுகள் உண்டல்லவா? முதல் குண்டு நான் நினைக்க முன்பே போய்விட்டது. பதட்டம் என்று நினைத்தேன். இரண்டாவதும் போய்விட்டது. மூன்றாவதில் விரல் தட்டுப்பட வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கதவு என்று சாயப்போன இடத்தில் கதவு திறந்திருந்த மாதிரி. என் விரலுக்கு அது தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிட்டிருந்தால், வெளியே எடுத்துப்போய்க் கல்லை வைத்துப் பார்த்து, திருகிச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்திருக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடமும் நேரமும் இருந்தது. நான் தூக்கவில்லை. ஏனென்றால் நான்காவது குண்டு நடுவில் விழுந்தது. ஐந்தாவதும் நடுவில் விழுந்தது. நோகிற விரலுக்கு அந்த இலகு எவ்வளவு சுகமாக இருந்தது என்று நீ அறியமாட்டாய். குளிரில் உலோகம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுபது குண்டும் அப்படிச் சொல்லிச் சொல்லியே சுட்டேன். ஆகவே அவர்கள் என்னைக் கள்ளி என்றபோது நான் அழுதது முழுக்க அநியாயத்துக்காக அல்ல. பாதி அகப்பட்டதற்காக. நீ வரைந்து தந்த படத்தை நான் அவ்வளவு அவசரமாக நம்பியதும் அதனால்தான்.

நீ சொல்லாமல் விட்டதால் நான் ஏழு வருஷமும் ஒரு பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு அநியாயம் நடந்தது என்று வாழ முடிந்தது. அந்தச் சுகத்தையும் நீதான் எனக்குத் தந்தாய், அதற்காகவும் எனக்கு உன்மேல் கோபம். அன்று பின்னேரமே “அம்மா, நான்தான் திருகினேன்” என்று நீ சொல்லியிருந்தால், “எனக்கும் தெரிந்தது” என்று நானும் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பரீட்சையை நீ எனக்கு வைக்கவே இல்லை.

போன புதன்கிழமை நான் கிளப்புக்குப் போனேன். உன் அப்பாவிடம் மரக்கறி வாங்கப் போகிறேன் என்றேன். ஹெலனுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. முழங்கால் நோவோடு கதிரையில் இருந்தபடி ஆட்களின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, எழும்பாமல் விட்டாள். நாங்கள் இங்கிலீஷில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். “அன்றைக்கு விசையைத் திருகியது நான் இல்லை” என்றேன். அவள் முகம் பழையபடி இறுகியது. “ஆனால் மூன்றாவது குண்டிலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டு அறுபதையும் சுட்டேன்” என்றேன். பேனையை மேசையில் வைத்தாள். பின்னால் யாரோ சுடுகிற சத்தம் ஐந்தாறு தடவை கேட்டது.

“இதை அன்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்” என்றாள். “நீ என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். நீ என்னிடம் கார் அதிர்ந்தது என்று சொன்னாய்.”

“ஓம்” என்றேன். இங்கிலீஷ் வரவில்லை.

“யார் திருகியது?”

“அதை அந்த ஆள்தான் வந்து சொல்ல வேண்டும்.”

என்னைக் கூர்ந்து பார்த்தாள். “படம் வரைந்தவனா?” என்றாள். நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவள் என்னை இருக்கச் சொல்லவில்லை. நாங்கள் திரும்பவும் சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. ஆவோமா என்று தெரியாது. வெளியே வந்து காருக்குள் இருந்தபோது, பல காலத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இனி நீ செய்ய வேண்டியது. கிளப் புதன்கிழமை பின்னேரம் திறந்திருக்கும். ஹெலன் இருப்பாள். நேரே போய், அவள் முன்னால் நின்று, நீ செய்தது என்ன, மறைத்தது என்ன, என்னை எந்தப் படத்தோடு அனுப்பினாய் என்பதை உன் வாயால் சொல். உதவி செய்யப் பார்த்தேன் என்று தொடங்காதே. கேட்காத ஆளின் பொருளைத் தொட்டுத் திருத்துவது உதவி அல்ல. உன் கெட்டித்தனத்தை அந்த ஆளின் செலவில் பார்த்துக்கொள்வது. நாளைக்கு நிவேதாவின் வேலையிலோ, அவள் பெற்றோர் விஷயத்திலோ இந்தக் கையை நீட்டாதே. நீட்டி அது பிழையாகிவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடு. அவள் அழுது முடியட்டும் என்று காத்திராதே. நீ ஹெலனிடம் போகும்வரை மணவறையில் ஆசீர்வாதம் வாங்க என் காலில் விழ வராதே. நான் காலை இழுத்துக்கொள்வேன்; மண்டபம் முழுக்கப் பார்க்கும். நான் செய்யமாட்டேன் என்று உன் அப்பா உனக்குச் சொல்லுவார். அவருக்கு என்னைத் தெரியாது.

இந்தக் கடிதத்தை நான் இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். பிழை பிழையாக என்றாலும் உனக்கு விளங்கியிருக்கும். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உனக்குக் கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் வந்தது. இத்தனை பக்கத்தை உன்னால் வாசிக்க முடியாது. தமிழில் எது வந்தாலும் நீ செய்வதைத்தான் இதற்கும் செய்திருப்பாய்: அவள் கையில் கொடுத்து, “அம்மா என்ன எழுதியிருக்கிறா, வாசியும்” என்று சொல்லியிருப்பாய்.

ஆகவே நிவேதா, பிள்ளை, இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருப்பது நீதான் என்று எனக்குத் தெரியும். உன்னை இப்படி நடுவில் நிறுத்தியது சரியில்லை. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவனிடம் அல்ல. அவன் உனக்குச் சொன்னது பாதிக் கதை. மிச்சப் பாதியும், அதில் என்னுடைய பங்கும், இப்போது உன் கையில் இருக்கிறது. இனி நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். வாசிக்கும்போது எங்கேயோ ஓரிடத்தில் அவன், “அதை விட்டிட்டு அடுத்ததை வாசியும்” என்று சொல்லியிருப்பான். எந்த இடத்தில் சொன்னான் என்று எனக்குச் சொல்.

அம்மா